செல்வமும் சென்ற காலமும்

இழந்ததை எண்ணி ஏங்காத மனிதர் இல்லை. முதுமை எய்தியவர் இளமைக்கு ஏங்குகின்றார்; ஊரை விட்டு வந்தவர் ஊருக்கு ஏங்குகின்றார்; ஆட்சியை இழந்தவர் அரியணைக்கு ஏங்குகின்றார். இந்த ஏக்கம் குற்றமன்று. நினைவு என்னும் ஆற்றலைப் பெற்ற உயிருக்கு அஃது இயல்பு. ஆனால், அந்த ஏக்கத்தோடு கையில் செல்வமும் சேர்ந்துவிட்டால் என்ன ஆகும்? போனதை எண்ணிக் கண்ணீர் விடுவதோடு நில்லாமல், போனதை விலை கொடுத்து மீட்டுவிடலாம் என்னும் எண்ணம் அங்கே தலைதூக்குகின்றது.

சென்ற காலத்தைச் செல்வத்தால் மீட்க இயலுமா? இயலாது என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். அதனினும் கடினமான வினா ஒன்று உண்டு. மீட்க முயல்வது அறமாகுமா? இவ்வினாவை ஓர் அமெரிக்கப் புதினத்தின் துணை கொண்டும், நாம் வாழும் இப்புனே நகரின் வரலாற்றையும் நம் தஞ்சையின் வரலாற்றையும் அருகருகே வைத்தும் ஆராய்ந்து பார்க்க விழைகின்றோம்.

அக்கரை விளக்கு

ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட் எழுதிய 'தி கிரேட் கேட்ஸ்பி' 1925-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் வெளிவந்தது. அன்று அதற்குப் பெரிய வரவேற்பு இல்லை. 1940-இல் தம் 44-ஆம் அகவையில் ஆசிரியர் மறைந்தபோது, தம் நூல் மறக்கப்பட்டுவிட்டது என்ற எண்ணத்துடனேயே மறைந்தார் எனலாம். பின்னர், இரண்டாம் உலகப் போரின்போது படைவீரர்களுக்கென அச்சிட்டு வழங்கப்பெற்ற நூல்களுள் அதுவும் ஒன்றாயிற்று. அதன் பிறகே அது பல்கலைக்கழகங்கள்தோறும் பயிலப்பெறும் இலக்கியமாக உயர்ந்தது.

கதை மிகச் சிறியது. வட டகோட்டாவின் ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்த ஓர் இளைஞன், தன் பெயரையே மாற்றிக்கொண்டு கேட்ஸ்பி ஆகின்றான். 1917-இல் படை அலுவலனாக லூயிவில் நகரில் இருந்தபோது, டெய்சி என்னும் செல்வர் வீட்டுப் பெண்ணைக் காதலிக்கின்றான். போர் அவனைக் கடல் கடந்து அழைத்துச் செல்கின்றது. அவன் திரும்புவதற்குள் அவள் டாம் புக்கனன் என்னும் பெருஞ்செல்வனை மணந்துகொள்கின்றாள். வறுமையாலேயே அவளை இழந்தோம் என்று கேட்ஸ்பி உறுதியாக நம்புகின்றான். ஆகவே, செல்வம் வந்தால் அவளும் வருவாள் என்பது அவன் கணக்கு. மதுவிலக்குக் காலத்தில் கள்ள மது வாணிகம் முதலிய நெறியற்ற வழிகளிற் பொருள் குவிக்கின்றான். அவள் வாழும் மாளிகைக்கு நேர் எதிரே, விரிகுடாவின் இக்கரையில், பெரிய மாளிகை ஒன்றை வாங்குகின்றான். இரவுதோறும் விருந்து நடத்துகின்றான். நூற்றுக்கணக்கானோர் வருகின்றனர்; உண்கின்றனர்; ஆடுகின்றனர். அவனோ அக்கரையில் அவள் வீட்டுப் படகுத்துறையில் எரியும் பச்சை விளக்கையே நோக்கி நிற்கின்றான்.

நடந்ததை மீண்டும் நடத்த முடியாது என்று நண்பன் நிக் எடுத்துரைக்கும்போது, கேட்ஸ்பி வியப்படைகின்றான். முடியாதென்று ஒருவர் எண்ணக்கூடும் என்பதே அவனுக்குப் புதிதாக இருக்கின்றது! அவன் வேண்டுவது டெய்சியின் அன்பு மட்டுமன்று. கணவனை ஒரு நாளும் தான் நேசித்ததில்லை என்று அவள் அவன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளும் நிகழாதவையாகிவிட வேண்டும்.

இப்புதினத்தில் நம் நெஞ்சைத் தொட்ட இடம், பலரும் போற்றும் அந்தப் பச்சை விளக்கன்று. டெய்சியின் சிறு மகள் கூடத்துக்குள் ஓடி வருகின்றாள். கேட்ஸ்பி அக்குழந்தையை வியப்போடு பார்த்துக்கொண்டே இருக்கின்றான். அப்படி ஒரு குழந்தை உண்டு என்பதை அவன் அதுவரை உள்ளபடியே நம்பவில்லை போலும் என்று கதை சொல்பவன் கருதுகின்றான். அக்குழந்தைதான் கடந்துபோன காலம்! அது நடக்கின்றது, பேசுகின்றது, அன்னையின் ஆடையைப் பற்றிக்கொள்கின்றது. ஐந்து ஆண்டுகளை அழிக்க வேண்டுமானால் அக்குழந்தையையும் அல்லவா அழிக்க வேண்டும்?

ஈண்டுதான் நம் வினாவின் வேர் இருக்கின்றது. ஏழையின் ஏக்கம் பாட்டாகப் போய்விடும். தாலாட்டாகவும் ஒப்பாரியாகவும் காற்றில் கலந்துவிடும். செல்வனின் ஏக்கம் பிறர்மீது இடும் கட்டளையாக மாறுகின்றது. 'என் நினைவில் நீ எப்படி இருந்தாயோ அப்படியே இரு' என்று உயிருள்ளவர்களைப் பார்த்து அது சொல்கின்றது. கேட்ஸ்பியின் குற்றம் மறக்காமல் இருந்ததன்று. தன் நினைவை இன்னொருவரின் வாழ்வுக்கு அளவுகோலாக்கியதே குற்றம். அவன் கொலையுண்டு கிடந்தபோது, விருந்துண்டவர்களுள் இறுதிச் சடங்குக்கு வந்தவர் ஒருவரோ இருவரோதாம். தொலைவிலிருந்து வந்த முதிய தந்தை மட்டும் மகனின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தார்.

வடக்கு நோக்கிய வாயில்

இக்கதையைப் படித்து முடித்த பின் சனிவார் வாடாவைச் சுற்றி ஒரு மாலை நடந்தோம். முதலாம் பாஜிராவ் 1730-இல் கால்கோள் செய்து 1732-இல் குடிபுகுந்த அரண்மனை அது. அதன் தலைவாயிலுக்குத் தில்லி வாயில் என்று பெயர். யானை மோதினும் சிதையாத இரும்பு முட்கள் பதித்த அக்கதவு வடக்கு நோக்கி நிற்கின்றது. மதில் இருக்கின்றது; வாயில்கள் இருக்கின்றன; உள்ளே அரண்மனை இல்லை. அடித்தளக் கற்களும், வறண்டு கிடக்கும் நீரூற்றுத் தொட்டியும், புல்வெளியுமே எஞ்சியுள்ளன.

முதலாம் பாஜிராவின் பெயரன் இரண்டாம் பாஜிராவ், பேஷ்வாக்களுள் இறுதியானவர். 1817-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள், இன்று தமிழ்க் குடும்பங்கள் பல வாழும் கட்கியில் அவருடைய படை தோல்வியுற்றது. அதே திங்களில் சனிவார் வாடாவின்மீது ஆங்கிலக் கொடி ஏறியது. 1818 ஜூன் திங்களில் மால்கம் என்னும் ஆங்கிலத் தளபதியிடம் அவர் சரணடைந்தார். ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் உதவித்தொகை; ஆனால் தக்காணத்துக்கு இனித் திரும்பலாகாது. இவையே உடன்படிக்கையின் உள்ளடக்கம். கான்பூருக்கு அருகே கங்கைக் கரையிலுள்ள பித்தூர் அவருடைய இருப்பிடமாயிற்று.

பாட்டனார் வெற்றி நாடி நோக்கிய அதே வடதிசையில், பெயரர் பணம் பெற்றுக்கொண்டு குடியேறினார். 1851 சனவரியில் மறையும் வரை ஏறத்தாழ 33 ஆண்டுகள் அங்கே வாழ்ந்தார். நாடில்லாத அரசவை ஒன்று அங்கே நடந்தது. தக்காணத்திலிருந்து உடன்வந்த குடும்பங்கள் சூழ்ந்திருந்தன. விழாக்களும் தானங்களும் திருமணங்களும் இடையறாது நிகழ்ந்தன. ஒரு சிறு புனேயைக் கங்கைக் கரையில் விலைக்கு வாங்கி வைத்தார் எனலாம். அச்செல்வத்தால் உண்மைப் புனேயை மீட்க முடிந்ததா? இல்லை. தம்மை வென்ற கும்பினியார் ஆப்கானியப் போரில் பணமுடையுற்றபோது, 5 லட்சம் ரூபாய் கடன் கொடுக்க மட்டுமே அச்செல்வம் பயன்பட்டது!

இதில் ஒரு செய்தி நம்மை நெடுநேரம் நிற்க வைத்தது. 1828 பிப்ரவரியில் சனிவார் வாடா தீப்பற்றி எரிந்தது. பல நாட்கள் எரிந்து, உள்ளிருந்த மாளிகைகள் யாவும் சாம்பலாயின. பாஜிராவ் அதன்பின் 23 ஆண்டுகள் உயிரோடிருந்தார். திரும்பிச் செல்ல வேண்டும் என்று அவர் எந்த மாளிகையை எண்ணியிருந்திருப்பாரோ, அந்த மாளிகையே அந்த 23 ஆண்டுகளும் உலகில் இல்லை. தடை நீங்கி வந்திருந்தாலும் வெறும் மதிலுக்குள்ளேதான் வந்திருப்பார். கேட்ஸ்பி நோக்கி நின்ற விளக்காவது எரிந்துகொண்டிருந்தது.

அவருடைய வளர்ப்பு மகன் நானா சாகிபுக்கு அந்த உதவித்தொகையைத் தொடர்ந்து வழங்க டல்ஹவுசிப் பிரபு மறுத்தார். 1853-இல் அசிமுல்லா கான் என்பாரை இலண்டனுக்கே அனுப்பி முறையிட்டும் பயன் கிட்டவில்லை. 1857-இல் எழுந்த பேரெழுச்சியில் நானா சாகிபு தலைமை தாங்கியதையும், ஜான்சி இலட்சுமிபாய் தம் இளமைக் காலத்தைப் பித்தூரில் கழித்தவர் என்பதையும் நாம் மறக்கலாகாது. ஏக்கத்திலிருந்து வீரமும் பிறக்கக்கூடும். ஆயினும், அவ்வாண்டின் இறுதியில் ஆங்கிலப் படை பித்தூர் அரண்மனையை அழித்தது. கிணற்றுக்குள் ஒளித்து வைத்திருந்த பொன்னையும் வெள்ளியையும் வாரிச் சென்றது. 33 ஆண்டுச் செல்வத்தின் இறுதி உறைவிடம் ஒரு கிணறு!

யாருடைய பொற்காலம்?

பாஜிராவ் பித்தூரில் இருந்த காலத்திலேயே, 1848-இல், சனிவார் வாடாவுக்குச் சிறிது தொலைவில் பிடே வாடா என்னும் வீட்டில் ஒரு சிறு பள்ளி தொடங்கியது. பெண் குழந்தைகளுக்கான பள்ளி அது. தொடங்கியவர்கள் ஜோதிராவ் ஃபூலேயும் அவர்தம் துணைவியார் சாவித்திரிபாயும். பாடம் சொல்லச் சென்ற சாவித்திரிபாயின்மீது சாணத்தை வீசினர் சிலர். அவர்கள் பின்வாங்கவில்லை.

ஃபூலே தம்பதியருக்கு மீட்க வேண்டிய பொற்காலம் எதுவும் இருந்ததில்லை. பேஷ்வாக்களின் புனேயில் தாழ்த்தப்பட்டோர் பட்ட துன்பத்தை வரலாறு மறைக்கவில்லை. ஒருவர் கண்ணீரோடு நினைவுகூரும் காலம், இன்னொருவர் தப்பிப் பிழைத்த காலமாக இருக்கலாம். ஏங்குகின்ற நெஞ்சம் தேர்ந்தெடுத்தே நினைக்கின்றது. மாளிகையின் விளக்குகள் நினைவுக்கு வருகின்றன. விளக்குக்கு எண்ணெய் ஊற்றியவன் நினைவுக்கு வருவதில்லை. சென்ற காலத்தை மீட்க விழைவோர் ஒவ்வொருவரும், 'அது யாருடைய பொற்காலம்?' என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளுதல் நேர்மையாகும்.

தஞ்சை காட்டிய வழி

அதே மராத்தியர் மரபில், அதே காலத்தில், அதே வகை இழப்புக்கு ஆளான இன்னொருவரை இனி நோக்குவோம். தஞ்சையின் இரண்டாம் சரபோஜி 1798-இல் அரியணை ஏறினார். மறு ஆண்டே நாட்டின் ஆட்சியைக் கும்பினியாரிடம் ஒப்படைத்தார். கோட்டையும், ஆண்டுக்கு 1 லட்சம் வராகனும், வருவாயில் ஐந்தில் ஒரு பங்குமே அவருக்கு எஞ்சின. 1832-இல் மறையும் வரை அவரும் ஏறத்தாழ 33 ஆண்டுகள் நாடில்லா அரசராகவே வாழ்ந்தார். இருவருக்கும் கிடைத்தது ஒரே அளவு காலம்! அக்காலத்தை அவர் என்ன செய்தார் என்பதே நாம் காண வேண்டுவது.

அவரிடம் ஏக்கம் இல்லை என்று எவரும் கருத வேண்டா. 1803-இல் தம் போன்சலே குலத்தின் வரலாற்றை மராத்தி மொழியில் தஞ்சைப் பெரிய கோயில் மதிலில் மிக நீண்ட கல்வெட்டாகப் பொறித்து வைத்தார். போன பெருமையை எண்ணாதவர் அதைச் செய்வாரா? ஆனால், அந்த ஏக்கம் கல்வெட்டோடு நின்றுவிடவில்லை. நாயக்கர் காலத்திலிருந்தே இருந்து வந்த அரண்மனை நூல்நிலையத்தை அவர் பெருநூலகமாக வளர்த்தார். 1820 முதல் 1822 வரை காசிக்கு யாத்திரை சென்றபோதும் சுவடிகளைத் தேடினார். ஐரோப்பிய நூல்களை வாங்கித் தம் கையொப்பமிட்டு வைத்தார். 1805-இல் அச்சகம் நிறுவினார். பள்ளிகளுக்குப் பொருளுதவி செய்தார். தன்வந்திரி மகாலில் மருத்துவ முறைகளை ஆராயச் செய்தார். கண்நோயாளர்களைப் பற்றிய குறிப்புகளையும் கண்ணின் படங்களையும் எழுதி வைக்கச் செய்தார். அக்குறிப்புகளை இன்றும் சரசுவதி மகாலில் காணலாம்.

அவரைக் குறையற்றவராகக் காட்டுவது நம் நோக்கமன்று. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாடிப் பட்டுக்கோட்டைப் பகுதிக் கடற்கரையில் மனோரா எழுப்பியவரும் அவரே. தம் நாட்டைக் கொண்டவரின் வெற்றிக்குத் தாமே கோபுரம் எழுப்பிய செயலில் பெருமை காண்பது அரிது. வீரத்தை எடைபோட்டால் 1857-இன் தட்டே தாழும். ஆனால், நம் வினா வீரத்தைப் பற்றியதன்று. ஏங்கும் நெஞ்சின் கையிலிருக்கும் செல்வத்தின் கடமையைப் பற்றியது. அந்த வினாவுக்குச் சரபோஜியின் வாழ்வில் விடை இருக்கின்றது. மீட்க இயலாததை மீட்க அவர் பொருளைச் செலவிடவில்லை. அழியக்கூடியதைக் காக்கச் செலவிட்டார். தமக்காகத் திரும்பப் பெற முயலவில்லை. பின்வருவோர்க்காக முன்னே அனுப்பி வைத்தார்.

அவர் மகன் சிவாஜி 1855-இல் ஆண் வாரிசின்றி மறைந்தார். தஞ்சை அரசும் முடிந்தது. பித்தூரும் தஞ்சையும் ஒரே பத்தாண்டில் வீழ்ந்தன. பித்தூரின் பொன் கிணற்றிலிருந்து எடுத்துச் செல்லப்பட்டது. தஞ்சையின் சுவடிகளோ 1918 முதல் பொதுமக்கள் அனைவருக்கும் உரியவை. எந்த ஊரிலிருந்து எவர் சென்றாலும் அங்கே அமர்ந்து படிக்கலாம்.

நாம் எந்தப் பக்கம்?

அரசர்களை எடைபோடுவது எளிது. நம்மையும் அத்தராசில் ஏற்றிப் பார்ப்போம்.

நம் நண்பர் ஒருவர் கும்பகோணத்துக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்தவர். மகளின் திருமணத்துக்காக அவர் தந்தையார் விற்ற வீட்டை, கட்கியில் 35 ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றதும், கேட்ட விலை கொடுத்து வாங்கினார். முற்றத்தை முன்போலவே திறந்தார், அதே இடத்தில் ஊஞ்சல் மாட்டினார், திண்ணையை இழைத்தார். எட்டுத் திங்கள் கழித்து ஒரு மாலையில் புனேயில் நம் வீட்டு வாயிலில் வந்து நின்றார்.

"வீடு கிடைத்தது ஐயா, வீட்டில் இருந்தவர்கள் கிடைக்கவில்லை" என்றார். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு மேலும் சொன்னார்: "அந்த வீட்டில் 20 ஆண்டுகளாக ஒரு குடும்பம் குடியிருந்தது. அவர்களைக் காலி செய்யச் சொன்னேன். நான் கேட்டது சட்டப்படி சரிதான். போகும்போது அவர்களுடைய சின்னப் பெண் முற்றத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளும் அங்கேதான் பிறந்தாளாம். அதை நான் நினைத்தே பார்க்கவில்லை!"

கேட்ஸ்பியின் முன் ஓடி வந்த குழந்தை நமக்கு உடனே நினைவுக்கு வந்தது. தாம் பிறந்த வீட்டை மீட்கச் சென்றவர் இன்னொரு குழந்தையின் பிறந்த வீட்டைப் பறித்துவிட்டார். தீய எண்ணத்தால் அன்று, பாசத்தால்! நண்பர் மறு திங்களே ஊருக்குச் சென்று, அக்குடும்பத்தையே மீண்டும் குடிவைத்துவிட்டுத் திரும்பினார். ஊஞ்சல் அங்கேயே இருக்கின்றது. அதில் யார் ஆடுகின்றார்கள் என்று நாம் கேட்கவில்லை.

இனி, நம் சங்கத்தை எண்ணிப் பார்ப்போம். ஆண்டுதோறும் விழா எடுக்கின்றோம், பட்டிமன்றம் நடத்துகின்றோம், மலர் வெளியிடுகின்றோம். சேர சோழ பாண்டியரையும் காவிரியையும் பேசி நெஞ்சம் நெகிழ்கின்றோம். நாம் நடத்துவது பித்தூர் அரசவையா, சரசுவதி மகாலா?

நம் பிள்ளைகள் இந்நகரில் பிறந்தவர்கள். தெருவில் மராத்தியில் சிரித்துப் பேசுகின்றனர். பள்ளியில் ஆங்கிலத்தில் எழுதுகின்றனர். நம்மிடம் தட்டுத்தடுமாறித் தமிழ் பேசுகின்றனர். "ஊரிலே நாங்கள் இப்படியா இருந்தோம்?" என்று கடிந்துகொள்கின்றோம். அக்கடிதலில் கேட்ஸ்பியின் குரல் சிறிது கலந்திருக்கின்றது. நாம் ஊரை விட்டு வந்த ஆண்டிலேயே காலம் நின்றிருக்க வேண்டும் என்றும், அதன்பின் நிகழ்ந்தவை நிகழாதவையாக வேண்டும் என்றும் பிள்ளைகளிடம் வேண்டுகின்றோம். அவர்களோ அந்த ஆண்டுகளிலேதான் பிறந்தார்கள்! நாம் இழந்த ஊரை அவர்கள் இழக்கவில்லை. ஆகவே, நம் ஏக்கத்தை அவர்கள் தலையில் சுமத்த நமக்கு உரிமையில்லை. நம் மொழியை அவர்கள் கையில் கொடுக்கும் கடமை மட்டும் நமக்கு உண்டு. ஏக்கம் நம்மோடு முடியும். மொழி அவர்களோடு தொடரும்.

ஆதலின், மீட்க முயல்வது அறமா என்னும் வினாவுக்கு நாம் காணும் விடை இது. முன்னோரிடம் பட்ட கடனைத் திரும்பச் செலுத்த முன்னோர் இல்லை. பின்னோரிடம்தான் செலுத்த இயலும். செல்வம் சிறிதாயினும் பெரிதாயினும், ஏங்கும் நெஞ்சுக்கு அஃது ஒன்றே நேரிய செலவு. விழாவுக்கு நாம் கட்டும் பந்தலின் செலவில் ஒரு பகுதியேனும் ஞாயிறுதோறும் நடைபெறும் தமிழ் வகுப்புக்கும், பிள்ளைகள் விரும்பிப் படிக்கத்தக்க நூல்களுக்கும் செல்லட்டும். அந்நூல்களைப் படித்துவிட்டு அவர்கள் சனிவார் வாடாவைப் பற்றித் தமிழில் எழுதுவார்களாயின், அதுவும் நம் தமிழே. அதில் காவிரி இல்லையே என்று நாம் வருந்த வேண்டா. அவர்கள் கண்ட ஆறு முத்தா நதி. அதைப் பற்றியே அவர்கள் எழுதட்டும்.